நீலிக்கண்ணீரும் முதற்கொலையும்: இரவில் ஆடவரைக் கொல்லும் பெண் பற்றிய கதையாடல்கள்

முன்னுரை

‘நீலிக்கண்ணீர்’ என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் மரபுத்தொடராகும். பொய்யாக அழுபவரை, அதிலும் பெரும்பாலும் பெண்ணை, இத்தொடரால் சுட்டுவர். ‘பாசாங்குக் கண்ணீர்’ என்று இதற்குப் பொருள் கூறும் ஆசிரியர், பொருளோடு ஒரு சிறு கதையையும் சொல்வது வழக்கம். பேயொருத்தி மனைவி வடிவம் கொண்டு ஊரார்முன் அழுது, வணிகன் ஒருவனைத் தன்னோடு ஓர் அறையில் தங்கச் செய்து, இரவில் அவனைக் கொன்றாள் என்பதே அக்கதை. இது பிழையன்று, ஆயினும் கதையின் பின்பாதி மட்டுமே. முன்பாதியில் கொல்லப்பட்டவள் நீலியே. கொன்றவன் அவள் நம்பி உடன்வந்த ஆடவன். மரபுத்தொடர் பின்பாதியைக் காத்துக்கொண்டது, முன்பாதியைக் கைவிட்டது.

இரவில் ஆடவரை அணுகிக் கொல்லும் பெண் என்னும் உரு, நாட்டார் வழக்கிலும் திரைப்படத்திலும் நீதிமன்ற நடவடிக்கைகளிலும் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. இவ்வுருவைப் பற்றிய கதையாடல் ஒவ்வொன்றும் எந்தக் கொலையிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதே அதன் அறநோக்கை வெளிப்படுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவுவதற்குப் பழையனூர் நீலி கதை, அமெரிக்காவின் ஐலீன் வோர்னோஸ் வழக்கு, மலாய் மரபின் பொந்தியானாக் கதைகள் ஆகியவை ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. இவ்வொப்பீடு நம் வகுப்பறைக்கு எவ்வாறு பயன்படும் என்பது இறுதிப் பகுதியில், பாசிர் கூடாங் நகரின் சூழலை முன்வைத்து ஆராயப்படுகிறது.

நீலி கதையின் வடிவங்கள்

நீலி கதை பழமையானது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர், வஞ்சனையால் உயிர்கொண்ட ஒருத்தியைப் பற்றியும் அச்செய்தியால் அஞ்சிய பழையனூராரைப் பற்றியும் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் குறிப்பிடுகிறார். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய சேக்கிழார் புராணம், சொன்ன சொல் தவறாது உயிர்நீத்த பழையனூர் வேளாளரைப் போற்றுகிறது. தென் தமிழகத்தில், சிறப்பாகக் கன்னியாகுமரி வட்டாரத்தில், இக்கதை வில்லுப்பாட்டாக விரிந்தது. பக்தி மரபும் புராண மரபும் வேளாளரின் வாய்மையை முன்னிறுத்த, வில்லுப்பாட்டு நீலியின் வரலாற்றைத் தொடக்கம் முதல் சொல்கிறது. நமக்கு இன்றியமையாதது இவ்வடிவமே.

வில்லுப்பாட்டு வடிவங்கள் சிற்றளவில் வேறுபடினும், கதைப்போக்கு பொதுவானது. பார்ப்பனன் ஒருவன் தாசி ஒருத்தியின் வீட்டில் தன் செல்வத்தையெல்லாம் இழக்கிறான். பொருள் தீர்ந்தபின் தாசியின் தாய் அவனை வெளியேற்றுகிறாள். மகளோ அவன்மீது கொண்ட அன்பால், அணிந்த நகைகளோடு அவன்பின் செல்கிறாள். காட்டுவழியில் கள்ளிச்செடி அருகே அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். நகைகளுக்கு ஆசைப்பட்ட அவன் கல்லால் அவளைக் கொல்கிறான். அக்கொலைக்குக் கள்ளியைத் தவிர வேறு சாட்சி இல்லை. தங்கையைத் தேடிவந்த தமையனும் அவ்விடத்தில் இறக்கிறான். மறுபிறவியில் அவள் நீலியாகிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறக்கிறான். வணிகத்தின்பொருட்டுப் பழையனூர் வழியே வரும் அவனை, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தியபடி நீலி பின்தொடர்கிறாள்.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, வணிகன் முற்பிறவியை நினைவில் வைத்திருக்கவில்லை. இப்பிறவியில் அவன் குற்றமற்றவன். அவனது அச்சம் உண்மையானது. இரண்டாவது, நீலியின் சொல் பொய்யானது. ஆனால் அச்சொல்லின் அடியில் உள்ள முறையீடு பொய்யன்று. ‘இவன் என்னைக் கைவிட்டான்’ என்று அவள் ஊரார்முன் அழும்போது, அப்பிறவி பற்றிய செய்தியாக அது பொய். முற்பிறவியை நோக்க அது நடந்ததைவிடக் குறைத்துச் சொல்லப்பட்ட உண்மை. முன்பு சாட்சியாக நின்ற கள்ளியே இப்போது குழந்தையாக வந்திருப்பதும் தற்செயலன்று. நீலிக்கண்ணீரை வெறும் பாசாங்கு என்று கூறுவதற்கு, கதை அறிந்தவர் தயங்கவே வேண்டும்.

பழையனூர் மன்று

கதையின் நடுவிடம் கொலைக்காட்சியன்று. வேளாளர் கூடிய மன்றே. எழுபது பெரியோர் இருதரப்பையும் கேட்கின்றனர். வணிகன் இவள் பேய் என்கிறான். நீலி இவன் என் கணவன் என்கிறாள். கள்ளிக் குழந்தை அவனை நோக்கித் தாவுகிறது. பெரியோர் பெண்ணின் பக்கம் சாய்கின்றனர். வணிகன் தற்காப்புக்காக வைத்திருந்த மந்திரவாளையும் வாங்கிக்கொண்டு, ‘உனக்குத் தீங்கு நேரின் நாங்கள் எழுபதின்மரும் உயிர் தருவோம்’ என்று உறுதி கூறி இருவரையும் ஓர் அறையில் தங்கவைக்கின்றனர். விடியும்போது வணிகன் இறந்து கிடக்கிறான். வேளாளர் தீயில் இறங்கித் தம் சொல்லைக் காக்கின்றனர்.

இம்மன்றில் இருந்தோர் தீயவரல்லர். கைக்குழந்தையோடு வந்து அழும் பெண்ணுக்கு இரங்கினர். குடும்பத்தைச் சேர்த்துவைக்க முயன்றனர். அவர்கள் அறியாதவை இரண்டு: பெண் யார் என்பது, ஆடவன் முன்பு என்ன செய்தான் என்பது. வில்லடியின்முன் அமர்ந்திருக்கும் மக்களோ இரண்டையும் அறிவர். மன்றத்தின் அறியாமைக்கும் அவையோரின் அறிவுக்கும் இடையிலான இந்த இடைவெளியே கதையின் ஆற்றல். கேட்போர் வணிகனுக்காக அஞ்சவும் நீலிக்காக வருந்தவும் வேளாளருக்காகக் கலங்கவும் ஒரே நேரத்தில் நேர்கிறது. எந்தவொரு தரப்பிலும் முழுமையாக நின்றுவிட அவர்களால் இயலாது.

வேளாளரின் இறப்பு பழிவாங்கலின் விலையைக் காட்டுகிறது என்பதையும் மறத்தலாகாது. சில வடிவங்களில் நீலியின் தமையன் சாவுக்கு அவ்வூரார் காரணமாகின்றனர். ஆயினும் வாக்குறுதி அளித்த எழுபதின்மரைக் கதை இழிவுபடுத்துவதில்லை. அவர்களது வாய்மை இன்றும் திருவாலங்காட்டுப் பகுதியில் போற்றப்படுகிறது. ஆகவே இக்கதை கொலையை நியாயப்படுத்துகிறது எனக் கூறுதல் பொருந்தாது. ஒரு கொலைக்கு உரிய காலத்தில் முறையீடு கேட்கப்படாதபோது, பின்னர் கேட்கவருவோர் நல்லவராயினும் கேட்டது பயன்படுவதில்லை என்பதையே அது உணர்த்துகிறது.

புளோரிடா நீதிமன்றம்

இக்கதைக்கு நேர்மாறான அமைப்பை அண்மைக்கால வழக்கு ஒன்றில் காண்கிறோம். 1989ஆம் ஆண்டின் இறுதிக்கும் 1990ஆம் ஆண்டின் இறுதிக்கும் இடையில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆடவர் எழுவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். நெடுஞ்சாலைகளில் பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த ஐலீன் வோர்னோஸ் என்பவர், 1991 ஜனவரியில் போர்ட் ஆரஞ்சு நகரின் மதுக்கூடம் ஒன்றில் கைதுசெய்யப்பட்டார். ‘முதல் பெண் தொடர் கொலையாளி’ என அவரைச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் விளம்பரப்படுத்தின. வரலாற்றுநோக்கில் அது பொருந்தாத பட்டமாகும். திருமண விளம்பரங்களால் ஆடவரைத் தம் பண்ணைக்கு வரவழைத்துக் கொன்ற பெல் கன்னஸ் என்பவரின் செயல்கள் இண்டியானா மாநிலத்தில் 1908ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டன. பட்டத்தின் பொருத்தத்தைவிட அதன் விற்பனைத்திறனே செய்தியாளர்க்கு முதன்மையாயிற்று என்பது தெளிவு. இவ்வழக்கைப் பற்றி நிக் புரூம்ஃபீல்ட் 1992ஆம் ஆண்டில் எடுத்த ஆவணப்படம், ஒரு தொடர் கொலையாளி விற்கப்படுவதையே தன் தலைப்பாகக் கொண்டது.

முதற்கொலைக்கான விசாரணை 1992 ஜனவரியில் நடைபெற்றது. அவ்வாடவர் தம்மை வன்புணர்ச்சி செய்து துன்புறுத்தியதாகவும் தற்காப்புக்காகவே சுட்டதாகவும் வோர்னோஸ் கூறினார். புளோரிடாவின் சான்றுவிதி ஒன்றின்படி, பிற கொலைகள் தொடர்பான சான்றுகளும் அவ்விசாரணையில் ஏற்கப்பட்டன. நடுவர் குழுவினர் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தனர். கொல்லப்பட்ட அந்த முதல் ஆடவர், பாலியல் வன்முறை நோக்குடன் ஒரு பெண்ணைத் தாக்கிய குற்றத்திற்காக முன்னர் மேரிலாந்து மாநிலத்தில் தண்டிக்கப்பட்டவர் என்ற செய்தி நடுவர் குழுவினர்முன் வைக்கப்படவில்லை. தீர்ப்புக்குப் பல மாதங்கள் கழித்துத் தொலைக்காட்சி வழியாகவே அது வெளிவந்தது. பின்னாளில் வோர்னோஸ் தம் தற்காப்புக் கூற்றைத் தாமே மறுத்து, மேல்முறையீடுகளைக் கைவிட்டார். 2002 அக்டோபர் 9ஆம் நாள் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

அச்செய்தியை நடுவர் குழுவினர் அறிந்திருப்பின் தீர்ப்பு மாறியிருக்கும் என்று இங்கு வாதிடப்படவில்லை. எழுவர் இறந்தனர், அவர்தம் குடும்பத்தார் இழப்பு எக்காரணத்தாலும் குறைவதில்லை. நாம் நோக்கவேண்டியது எண்ணிக்கை அமைந்த முறையை. முதற்கொலையை ஆராயும் மன்றத்தில் அதற்குப் பின் நிகழ்ந்தவை சான்றாயின. அதற்கு முன் நிகழ்ந்தது சான்றாகவில்லை. பழையனூர் மன்றில் இருந்தோர் பின்வருவதை அறியாமல் பெண்ணை நம்பினர். புளோரிடா மன்றில் இருந்தோர் பின்வந்ததை அறிந்திருந்தமையால் பெண்ணை நம்பவில்லை. இரு மன்றங்களும் முன்பு நடந்ததை முழுமையாக அறியவில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன.

இதற்குத் ‘தொடர் கொலை’ என்னும் கருத்தாக்கமும் ஒரு காரணம் எனலாம். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை 2005ஆம் ஆண்டில் கூட்டிய கருத்தரங்கின் வரையறை, ஒரே குற்றவாளியால் வெவ்வேறு நிகழ்வுகளில் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ கொல்லப்படுவதைத் தொடர் கொலை என்கிறது. புலனாய்வுக்கு இவ்வரையறை பயன்படும். ஆயினும் குற்றவாளியின் முதற்செயலிலிருந்தே அது எண்ணத் தொடங்குகிறது. வில்லுப்பாட்டின் கணக்கு வேறு. அதில் முதல் எண் கொல்லப்பட்ட பெண்ணுக்குரியது.

திரையில் முன்கதை

முன்கதை என்பது திரைப்படங்களில் இல்லாததன்று. எவருக்கு, எத்தகைய முன்கதை தரப்படுகிறது என்பதே வினா. பாரதிராஜா இயக்கிய ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) பெண்களைக் கவர்ந்து கொல்லும் ஆடவனைப் பற்றியது. அவனுக்கு விரிவான இளமைக்கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெண்களே குற்றவாளிகளாகக் காட்டப்படுகின்றனர். கொலைகாரன் ஆணாயினும் பழியின் வேர் பெண்ணிடம் கொண்டுசேர்க்கப்படுகிறது. வோர்னோஸ் வாழ்வை வைத்து பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய ‘மான்ஸ்டர்’ (2003) முதற்கொலையை வன்முறைக்கு எதிரான செயலாகக் காட்டி, பின்வரும் கொலைகளில் அந்நியாயம் படிப்படியாகத் தேய்வதையும் மறைக்காமல் காட்டுகிறது. இரண்டையும் ஒருசேரக் காணச்செய்யும் இம்முயற்சி, தன்னையறியாமலே வில்லுப்பாட்டின் நெறிக்கு அருகில் வருகிறது.

அறையப்படும் ஆணி

நம் நாட்டில் இவ்வுருவை அறியாதவர் இலர். மலாய் மரபின் பொந்தியானாக், மகப்பேற்றின்போது இறந்த பெண்ணின் ஆவி எனப்படுவது. இரவில் அழகிய பெண்ணாகத் தோன்றி ஆடவரை ஈர்த்துக் கொல்லும் அவளது பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அடங்கிய மனைவியாவாள் என்பது நம்பிக்கை. இக்கதையை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. என். ராவ் என்பது நம் துறைக்கு உரிய செய்தி. சிங்கப்பூரின் கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக மரியா மெனாடோ நடிப்பில் அவர் இயக்கிய ‘பொந்தியானாக்’ 1957ஆம் ஆண்டில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. 2004ஆம் ஆண்டில் ஷுஹாய்மி பாபா இயக்கிய ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ படத்தில் பொந்தியானாக் ஆகும் பெண் காமெலான் இசைக்கு ஆடுபவள். அவள்மீது வேட்கை கொண்ட செல்வனே அவள் சாவுக்குக் காரணமாகிறான். தாசியும் காமெலான் ஆட்டக்காரியும் ஆடவர் மகிழ்வதற்கான கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள். இரவில் அவர்களை நாடி வந்தவர்களாலேயே இறந்தவர்கள்.

ஆணி என்னும் கூறு கேரள மரபிலும் உண்டு. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதிஹ்யமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் யட்சியின் தலையில் ஆணி அறைந்து அவளைப் பணிப்பெண்ணாக்குகிறார், தலைவாரும்போது ஆணி பிடுங்கப்பட, அவள் விடுபடுகிறாள். கடலின் இருகரையிலும் காணப்படும் இவ்வொற்றுமை கடன்பெற்றதா, தனித்துத் தோன்றியதா என்பது வேறோர் ஆய்வுக்குரியது. நமக்குத் தேவையானது அதன் பொருள். ஆணி அறையப்பட்டதும் அவள் கொல்வதை நிறுத்துகிறாள். தன்னைப் பற்றிச் சொல்வதையும் நிறுத்துகிறாள். அச்சம் நீங்குகிறது, முறையீடு அப்படியே நிற்கிறது. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த மலையாளப் படமான ‘லோகா’, கள்ளியங்காட்டு நீலியை மக்களைக் காக்கும் வீராங்கனையாக மாற்றியது. ஆணியை அகற்றிய முயற்சியாக அது வரவேற்கத்தக்கது. ஆயினும் வீராங்கனையாக்கப்பட்ட நீலியிடம் பழைய நீலியின் அறச்சிக்கல் எஞ்சவில்லை.

நீலகேசி காட்டும் வழி

ஆணிக்கும் கொலைக்கும் வேறான ஒரு வழியைத் தமிழ் மரபு முன்னரே கண்டிருக்கிறது. சமண நூலான நீலகேசியில், முனிவர் ஒருவரைக் கலைக்க ஏவப்பட்ட பழையனூர் நீலி தோற்று, அறங்கேட்டு, சமயவாதம் புரியும் அறிஞராகிறாள். அவள் முதலில் வாதிடுவது குண்டலகேசியோடு. குண்டலகேசியும் தன்னைக் கொல்லக் கருதிய கள்வனாகிய கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளிக்கொன்று பின் பௌத்தத் துறவியானவள். ஆடவனைக் கொன்ற வரலாறு உடைய இரு பெண்கள், அவைநடுவே தருக்கநெறியில் எதிரெதிர் நின்று வாதிடும் காட்சி உலக இலக்கியத்தில் அரிது. நூலின் நோக்கம் சமயப் பரப்புதல் என்பதில் ஐயமில்லை. நீலியின் பழைய துயரை அது பொருட்படுத்துவதுமில்லை. எனினும் அவளுக்குக் கண்ணீரைத் தவிர வேறொரு மொழியையும் அது அளித்தது. வகுப்பறையில் ஐஞ்சிறுகாப்பியங்களின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடும் நாம் இதனைக் கவனிப்பதில்லை.

பாசிர் கூடாங்கின் இரவு

இவ்வாய்வு நம் ஆசிரியர்க்கு எதன்பொருட்டு? ஜொகூரின் பாசிர் கூடாங்கை எடுத்துக்கொள்வோம். 1977ஆம் ஆண்டில் துறைமுகம் செயற்படத் தொடங்கியபின் தொழில்நகராக வளர்ந்து, 2020ஆம் ஆண்டில் மாநகரத் தகுதி பெற்ற ஊர் அது. கப்பலும் கனவுந்தும் ஆலையும் இரவிலும் இயங்கும் அத்தகைய நகரில், வெளியூர் ஆடவர் வந்து தங்குவர். நீலி கதையின் வணிகன் அந்நியமானவனல்லன். ஆனால் அங்கு இரவில் வெளியில் காணப்படும் பெண்ணும் இருக்கிறாள். அவள் யட்சியல்லள், இரவுநேர வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்பவள்.

இவளை நம் சமூகம் எவ்வாறு நோக்கியது என்பதற்குச் சான்று உண்டு. 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்ற இளம் மலாய்ப் பெண்கள் ‘மினா காரான்’ என ஏளனமாக அழைக்கப்பட்டனர். இரவில் வேலை செய்பவள் ஒழுக்கம் குன்றியவள் என்ற ஐயம் அப்பெயரில் இருந்தது. ஐவா ஓங் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல், சிலாங்கூரின் கோல லங்காட் வட்டாரத் தொழிற்சாலைப் பெண்களிடையே நிகழ்ந்த ஆவியேற்றங்களை, வேலைக் கண்காணிப்புக்கும் அலைக்கழிப்புக்கும் எதிரான மறைமுகக் குரலாக விளக்கியது. நேரே சொன்னால் கேட்கப்படாத முறையீடு, ஆவியின் வாயால் வெளிப்பட்டது என்பது அவ்வாய்வின் சாரம். நீலியும் மனைவி வேடத்தில்தான் முறையிட வேண்டியிருந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். செத்தவளாக வந்திருந்தால் எந்த மன்றும் அவளை அமரச் சொல்லியிராது.

இத்தகைய நகரில் ‘நீலிக்கண்ணீர்’ கற்பிக்கும் ஆசிரியரின் முன், இரவுவேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை அமர்ந்திருக்கலாம். பின்பாதியை மட்டும் சொல்லி முடித்தால், அழும் பெண்ணை ஐயுறுக, இரவில் வரும் பெண்ணுக்கு அஞ்சுக என்னும் இரு பாடங்களை அம்மாணவர் மரபுத்தொடரோடு சேர்த்துப் பெறுகிறார். பின்னாளில் ஒரு பெண் காவல் நிலையத்திலோ பள்ளியிலோ குடும்பத்திலோ அழுது முறையிடும்போது, அவர் நாவில் முதலில் வரும் சொல் எதுவாக இருக்கும்? மரபுத்தொடர்கள் பொருளை மட்டும் சுமப்பனவல்ல, தீர்ப்பையும் சுமப்பன.

முடிவுரை

இத்தொடரைப் பாடத்திலிருந்து நீக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரையன்று. நீக்கினால் கதையும் உடன் மறையும். கதையை முழுமையாகச் சொல்லுதலே தேவை. பத்து நிமிடங்கள் கூடுதலாகச் செலவாகும். கள்ளிச்செடியருகே உறங்கிய பெண்ணிலிருந்து தொடங்கி, வணிகனின் அச்சத்தையும் வேளாளரின் வாய்மையையும் சொல்லி, பின்னர் மாணவரிடம் ஒரு வினாவை எழுப்பலாம்: அம்மன்றில் நீங்கள் இருந்திருந்தால் இருவரிடமும் என்னென்ன கேட்டிருப்பீர்கள்? மேல்நிலை வகுப்பாயின் நீலகேசியையும் பொந்தியானாக்கையும் ஒப்பிடச் செய்யலாம். சிறுகதை, திரைப்படம் ஆகியவற்றைத் திறனாய்வு செய்யும் பல்கலைக்கழக மாணவர், கொலைகாரியாகக் காட்டப்படும் பெண்ணைக் கண்டவிடத்து அப்படைப்பின் எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்று முதலில் கேட்கப் பழகவேண்டும்.

பழையனூர்ப் பெரியோர் தாம் கேட்காமல் விட்டதற்கு உயிரையே விலையாகத் தந்தனர். நம்மிடம் கேட்கப்படுவது அத்துணைப் பெரியதன்று. ஒரு மரபுத்தொடருக்குப் பொருள் கூறும்போது, அதன் பெயருக்கு உரியவள் எவ்வாறு இறந்தாள் என்பதையும் சேர்த்துக் கூறினால் போதும்.